கோளைப் பார்க்காமல் கோளைக் கண்டுபிடிப்பது எப்படி?

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களான புறக்கோள்களைப் பற்றி உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் பேச ஆரம்பிக்கும்போது, செய்திகளில் வரும் அந்த அழகான படங்களை முதலில் காட்டி, இதில் எதெல்லாம் புகைப்படம் என்று கேட்பேன். சிவந்த வானம், நீலக் கடல், மேகம் சூழ்ந்த ஒரு பெரிய கோள், பின்னால் மங்கலாக ஒரு சூரியன். எல்லாமே புகைப்படம் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஓவியர்கள் வரைந்தவை. விஞ்ஞானிகளின் கையில் உண்மையில் இருந்தது என்ன என்று அடுத்த படத்தைக் காட்டினால், நட்சத்திரத்தின் ஒளியை நேரத்தோடு காட்டும் ஒரு வரைபடத்தில் புள்ளிகள் நேராகப் போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறிப் பழைய மட்டத்துக்கே வந்துவிடுகின்றன. அவ்வளவுதான். அந்தச் சின்னப் பள்ளத்துக்குள் ஒரு உலகம் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் எனக்கு அந்த ஓவியங்களைவிட இந்தப் பள்ளம்தான் அழகு. ஏனென்றால் அதிலிருந்து கோளின் அளவைப் பத்தாம் வகுப்புக் கணக்கை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். யாரோ பெரியவர்கள் சொன்னதை நம்பவேண்டிய தேவையில்லை, தாளும் பேனாவும் போதும்.

சரி, முதலில் ஏன் நேராகப் பார்க்க முடியவில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். பெரிய தொலைநோக்கி ஒன்றைச் செய்து நட்சத்திரத்தின் பக்கத்தில் திருப்பினால் கோள் தெரியாதா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள், நல்ல கேள்விதான். இரண்டு இடைஞ்சல்கள். ஒன்று வெளிச்சம். கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது, நட்சத்திரத்தின் ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. நம் சூரியனையும் பூமியையும் தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியன் பூமியைவிட ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு பிரகாசமாக இருக்கும். இன்னொன்று நெருக்கம். நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே உள்ள 15 கோடி கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி போலத் தெரியும். அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு பக்கம் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, இன்னொரு பக்கம் அதைவிட ஆயிரம் கோடி மடங்கு மங்கலான ஒரு பொட்டு. அருகிலுள்ள நட்சத்திரத்துக்கே இந்த நிலை என்றால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம்.

அதனால் வானியலாளர்கள் கோளைத் தேடுவதை விட்டுவிட்டு நட்சத்திரத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நெருப்பில்லாமல் புகையாது என்பார்களே, அதுதான் இங்கே வழி. கோள் தெரியாது, ஆனால் கோள் பக்கத்தில் இருந்தால் நட்சத்திரத்தின் நடத்தையில் ஏதோ ஒரு மாற்றம் இருக்கும். ஒன்று அது கொஞ்சம் ஆடும், அல்லது அவ்வப்போது கொஞ்சம் மங்கும். புகை எது, வெறும் தூசி எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் இந்தத் துறையின் பாதி உழைப்பு போகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஆட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், வரலாற்றில் அதுதான் முதலில் பெரிய வெற்றி தந்தது. கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். முழு உண்மை அதுவல்ல. ஒரு பெரியவரும் ஒரு சின்னக் குழந்தையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். குழந்தை பெரிய வட்டம் போடும். பெரியவர் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும், ஆனால் காலடியைக் கவனித்தால் அவரும் ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். குழந்தை இழுக்கும் இழுப்புக்கு ஈடுகொடுக்கப் பின்னால் சாய்ந்து சுற்றியே ஆகவேண்டும். சூரியனும் வியாழனும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து ஒரு பொதுவான புள்ளியைச் சுற்றுகின்றன, அந்தப் புள்ளி சூரியனின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. வியாழனின் இழுப்பால் சூரியன் நொடிக்கு ஏறக்குறைய 12.5 மீட்டர் வேகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. நகரத்துச் சாலையில் நிதானமாகப் போகும் ஒரு காரின் வேகம்தான் அது. பூமியின் இழுப்பால் ஆடுவதோ நொடிக்கு 9 சென்டிமீட்டர், அது ஆமை வேகம்.

இந்த ஆட்டத்தை எப்படி அளப்பது? ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கீச்சென்று கேட்டு, கடந்துபோனதும் சுருதி இறங்குவது எல்லோருக்கும் தெரியும், அந்த டாப்ளர் விளைவு ஒளிக்கும் உண்டு. நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் துளி நகரும். நட்சத்திரத்தின் ஒளியை முப்பட்டகத்தில் விட்டதுபோல் விரித்தால் நிறமாலையில் இடையிடையே ஆயிரக்கணக்கான கருங்கோடுகள் இருக்கும். நட்சத்திரத்தின் வெளிப்பகுதியில் உள்ள தனிமங்கள் தங்களுக்குரிய அலைநீளங்களை விழுங்கிவிட்ட இடங்கள் அவை. அந்தக் கோடுகள் எல்லாம் சேர்ந்து இப்படியும் அப்படியும் ஒரு சீரான கால இடைவெளியில் நகர்ந்தால் நட்சத்திரம் ஆடுகிறது என்று பொருள்.

எவ்வளவு நகரும் என்பதை மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். நட்சத்திரத்தின் வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்தால் போதும். நொடிக்கு 56 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 56ஐ 30 கோடியால் வகுக்கவேண்டும். கோடியில் ஏறக்குறைய இரண்டு பங்கு வரும். ஒரு கோட்டின் அலைநீளம் கோடியில் இரண்டு பங்கு மாறியதை ஒருவர் அளந்து சொல்லவேண்டும் என்றால், கருவி எவ்வளவு அசையாமல் இருக்கவேண்டும், அறையின் வெப்பம் எவ்வளவு நிலையாக இருக்கவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

56 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 1995இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மிஷெல் மாயோரும் அவருடைய மாணவர் திதியே கெலோவும் ஏறக்குறைய 50 ஒளியாண்டு தூரத்திலுள்ள 51 பெகாசி என்ற நட்சத்திரத்தில் அளந்தது அந்த ஆட்டத்தைத்தான். பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில், எலோடி என்ற நிறமாலைக் கருவியை வைத்து. நட்சத்திரம் 4.23 நாளுக்கு ஒருமுறை ஆடி முடித்து மறுபடி தொடங்குகிறது. அப்படியென்றால் கோளின் ஆண்டு 4.23 நாள்! கோளின் நிறையோ வியாழனில் பாதி. நம் சூரியக் குடும்பத்தில் வியாழன் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 12 ஆண்டு எடுக்கிறது, மிக வேகமான புதனுக்கே 88 நாள் வேண்டும். அவ்வளவு பெரிய கோள் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு சுற்றும் என்று அன்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. நட்சத்திரமே துடித்து விரிந்து சுருங்குகிறதோ என்ற சந்தேகமும் எழுந்தது. ஆனால் அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அமெரிக்காவில் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் தங்கள் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்து அதே ஆட்டம் இருப்பதை உறுதி செய்தார்கள். மாயோருக்கும் கெலோவுக்கும் 2019இல் இயற்பியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை மாணவர்களிடம் நின்று நிதானமாகச் சொல்வேன். ஓட்டோ ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் 1952லேயே ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். பெரிய கோள்கள் நட்சத்திரத்துக்கு மிக அருகில் இருக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, இருந்தால் டாப்ளர் முறையில் ஆட்டத்தை அளக்கலாம், கோள் நட்சத்திரத்தை மறைக்கும்போது ஒளி குறைவதையும் அளக்கலாம் என்றார். இன்று நாம் பயன்படுத்தும் இரண்டு முக்கிய வழிகளும் அந்தக் கட்டுரையில் இருக்கின்றன. 43 ஆண்டு கழித்துத்தான் முதல் வழி பலித்தது. எல்லா கோள் குடும்பங்களும் நம்முடையதைப் போலத்தான் இருக்கும் என்ற நினைப்பு அத்தனை ஆழமாக இருந்தது, நான்கு நாள் ஆண்டு கொண்ட ஒரு வியாழனைத் தேடவேண்டும் என்று கிட்டத்தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் காலவரிசையில் 51 பெகாசியின் கோள்தான் முதல் என்று சொன்னால் தவறு. 1992இல் அலெக்சாண்டர் வோல்ஷ்சானும் டேல் ஃபிரெய்லும் ஒரு பல்சாரைச் சுற்றிக் கோள்கள் இருப்பதை அறிவித்துவிட்டார்கள். பல்சார் என்பது செத்துப்போன ஒரு பெரிய நட்சத்திரத்தின் மிச்சம், கடிகாரம் போல் தவறாமல் ரேடியோ துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்புகள் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வந்ததை வைத்துக் கோள்கள் இழுக்கின்றன என்று கண்டுகொண்டார்கள். இதுவும் ஆட்டத்தை அளப்பதுதான், கடிகாரத்தை வைத்து. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் என்ற வகையில்தான் 51 பெகாசி பி, அதாவது 51 பெகாசியின் கோள், முதலாவது.

இனி அந்தப் பள்ளத்துக்கு வருவோம். கோள் நட்சத்திரத்துக்கும் நமக்கும் நடுவே கடந்துபோகும்போது ஒளியில் ஒரு துளியை மறைக்கிறது, இதைக் கடப்பு என்றும் டிரான்சிட் என்றும் சொல்வார்கள். 2012 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பெரியவர்கள் சிலர் பாதுகாப்பான கண்ணாடி வழியே பார்த்திருப்பார்கள், ஒரு கரும்புள்ளி சூரியன் மேல் ஊர்ந்து போனது. அன்று சூரியனின் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தது, யாருக்கும் உறைத்திருக்காது. அடுத்தது 2117இல்தான்.

வகுப்பில் இதைச் செய்து பார்ப்பது எளிது. பால் போல் வெண்மையான உருண்டைக் கண்ணாடி விளக்கு ஒன்று, நூலில் கட்டிய இரண்டு மூன்று பந்துகள், ஒளியளவைக் காட்டும் செயலி போட்ட கைபேசி. அறையை இருட்டாக்கி, கைபேசியைத் தூரத்தில் நிலையாக வைத்து, பந்தை விளக்குக்கு முன்னால் மெல்லக் கொண்டுபோகவேண்டும். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே யாராவது பந்தைக் கைபேசிக்குப் பக்கத்தில் பிடித்துவிடுவார்கள், விளக்கே மறைந்துபோகும். திட்டாதீர்கள், அந்தத் தவறிலிருந்துதான் நல்ல பேச்சு கிளம்பும். நமக்குக் கோளும் நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன, அதனால்தான் மறையும் பங்கு அவற்றின் அளவை மட்டும் பொறுத்தது. பந்து விளக்கை ஒட்டி இருக்கவேண்டும், கைபேசி முடிந்தவரை தள்ளி இருக்கவேண்டும்.

அப்புறம்தான் சுவாரசியம். விளக்கின் விட்டம் 10 செ.மீ., பந்தின் விட்டம் 3 செ.மீ. என்றால் எவ்வளவு ஒளி குறையும் என்று கேளுங்கள். பத்தில் மூன்று, அதாவது 30 சதவீதம் என்பார்கள். அளந்து பார்த்தால் சுமார் 9 சதவீதம்தான் இருக்கும். சரி, பந்தைப் பாதியாக்கி 1.5 செ.மீ. போட்டால்? பாதி குறையும் என்பார்கள். வருவது கால்வாசி, இரண்டே கால் சதவீதம். மறைவது விட்டம் இல்லை, வட்டத்தின் பரப்பு, பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இதை வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும், கைபேசித் திரையில் எண் இறங்குவதைத் தாங்களே பார்த்த பிள்ளை மறக்காது. அதற்கப்புறம் 1 செ.மீ. பந்தைப் போடுங்கள். ஒரு சதவீதம் குறையவேண்டும். ஆனால் கைபேசியின் எண் தானாகவே அந்த அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், பந்து போனதா இல்லையா என்றே தெரியாது. சூரியனுக்கு முன்னால் வியாழன் போவது இந்த ஒரு சதவீதம்தான். பூமி போனால் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இரைச்சலுக்குள் மறைந்திருக்கும் பள்ளத்தை எப்படி வெளியே எடுப்பது? திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் வழி. பந்தைச் சரியாக 10 நொடிக்கு ஒருமுறை கடக்கவைத்து, 20 தடவை பதிவு செய்து, அந்த 20 பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால், தாறுமாறான ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், ஒரே இடத்தில் வரும் பள்ளம் மட்டும் நிற்கும். வானியலாளர்களும் இதையேதான் செய்கிறார்கள், ஒளி வரைபடத்தை மடிப்பது என்று சொல்வார்கள். நீளமான ஒரு நாடாவைச் சரியான நீளத்தில் மடித்துக்கொண்டே போனால் அதிலுள்ள கறைகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும் இல்லையா? தவறான நீளத்தில் மடித்தால் கறை எங்கும் பரவிப்போகும். எந்த நீளத்தில் மடித்தால் கறைகள் சேர்கின்றனவோ அதுதான் கோளின் ஆண்டு.

இப்போது உண்மையான ஒரு கோளை எடுத்துக் கணக்குப் போடலாம். எச்டி 209458 என்ற நட்சத்திரம் ஆடுவது ஏற்கெனவே தெரிந்திருந்தது. 1999இல் டேவிட் சார்போனோவும் அவருடைய குழுவினரும் வெறும் 10 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியை வைத்து, கோள் கடக்கக்கூடிய நேரத்தில் காத்திருந்து, ஒளி குறைவதைப் பார்த்துவிட்டார்கள். கிரெக் ஹென்றியின் குழுவும் அதே ஆண்டு தனியாகக் கண்டது. ஒரு நட்சத்திரத்தின் முன்னால் புறக்கோள் ஒன்று கடப்பதை மனிதர்கள் பார்த்தது அதுதான் முதல்முறை. ஒளி குறைந்தது ஏறக்குறைய 1.5 சதவீதம். 0.015க்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.12 சொச்சம் வரும், ஆக கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் 12 சதவீதம். அந்த நட்சத்திரம் சூரியனைவிடக் கொஞ்சம் பெரியது, ஆரம் சுமார் 8.3 லட்சம் கி.மீ. அதில் 12 சதவீதம் என்றால் ஒரு லட்சம் கிலோமீட்டர். வியாழனின் ஆரம் 70 ஆயிரம் கி.மீ. முடிந்தது, வியாழனைவிட 1.4 மடங்கு பெரிய கோள். பள்ளம் மூன்றரை நாளுக்கு ஒருமுறை வருவதால் அதன் ஆண்டு மூன்றரை நாள். காலத்தின் வர்க்கம் தூரத்தின் மும்மடிக்கு நேர்விகிதம் என்ற கெப்ளரின் விதியைப் போட்டால் அது நட்சத்திரத்திலிருந்து சுமார் 70 லட்சம் கி.மீ. தூரத்தில் சுற்றுகிறது என்று வரும். புதன் சூரியனிலிருந்து 5.8 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள் எவ்வளவு நெருக்கம் என்று.

இந்த இரண்டு வழிகளும் சேரும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டம் கோளின் நிறையைச் சொல்லும், ஆனால் முழுதாகச் சொல்லாது. கோளின் பாதை நமக்குச் சாய்வாக இருந்தால் ஆட்டத்தின் ஒரு பகுதிதான் நம்மை நோக்கி வரும், அதனால் குறைந்தபட்ச நிறை மட்டும்தான் கிடைக்கும். கடப்பு அளவைச் சொல்லும், நிறையைப் பற்றி அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு கோள் நட்சத்திரத்தைக் கடக்கிறது என்றாலே அதன் பாதை நம் பார்வைக்கோட்டில் இருக்கிறது என்று பொருள், ஆக குறைந்தபட்ச நிறையே உண்மையான நிறை. நிறையும் கிடைத்தது, ஆரமும் கிடைத்தது, இரண்டையும் வைத்து அடர்த்தி! எச்டி 209458 பியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பாறையாக இருக்க வழியே இல்லை, சூட்டில் ஊதிப்போன வாயுக் கோள். கெப்ளர் 10 பி என்ற இன்னொரு கோளின் அடர்த்தி ஏறக்குறைய பூமியின் அடர்த்தியைப் போலவே, தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்குக்கு அருகில். அது பாறையும் இரும்பும். பார்க்கவே முடியாத ஒன்று எதனால் ஆனது என்று சொல்லிவிட்டோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?

கடப்புக்கு ஒரு பெரிய குறை உண்டு. பாதை நமக்குப் பக்கவாட்டில் அமைந்திருந்தால்தான் கோள் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும். பூமியைப் போன்ற கோளுக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 200இல் ஒன்று. அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, 13 மணி நேரம் மட்டும். அப்போது நாம் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு ஆண்டு காத்திருக்கவேண்டும். அதனால்தான் 2009 மார்ச்சில் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி வானத்தின் ஒரே பகுதியை நான்கு ஆண்டு விடாமல் பார்த்தது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியை அரை மணிக்கு ஒருமுறை அளந்தபடி. 2013இல் அதன் திசையை நிலைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. அப்போதும் விட்டுவிடாமல், சூரிய ஒளியின் அழுத்தத்தையே முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தி 2018 வரை வேலை வாங்கினார்கள். 2,600க்கும் அதிகமான கோள்கள் அதன் கணக்கில். அதே 2018இல் டெஸ் என்ற விண்தொலைநோக்கி ஏவப்பட்டது, அது வானம் முழுவதும் அருகிலுள்ள பிரகாசமான நட்சத்திரங்களைப் பார்க்கிறது.

முன்பு சொன்ன புகையும் தூசியும் இங்கேதான் வருகிறது. ஒளி குறைந்தால் கோள்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி மாறி மாறி மறைத்தாலும் பள்ளம் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒற்றைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் இரட்டைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் அடுக்கிப் பாருங்கள். கோள் என்றால் இரண்டு அடுக்கும் ஒரே ஆழம் இருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அதே கோள்தான் அதே நட்சத்திரத்தை மறைக்கிறது. ஒன்று ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் மாறி மாறி வந்தால், பெரிய நட்சத்திரம் ஒருமுறை, சின்னது ஒருமுறை மறைகிறது. கோளின் பள்ளம் பெரும்பாலும் தட்டையான அடிப்பாகம் கொண்ட தொட்டி போல் இருக்கும், நட்சத்திரங்கள் ஓரமாக உரசிப்போனால் ஊசிமுனை போல் கூராக இருக்கும். நட்சத்திரத்தின் மேலுள்ள கரும்புள்ளிகள் சுழன்று வந்தாலும் ஒளி மாறும், ஆனால் அது நாள்கணக்கில் மெல்ல ஏறி இறங்கும் அலை, சில மணி நேரப் பள்ளம் இல்லை. மாணவர்களிடம் நாலைந்து வரைபடங்களைக் கொடுத்து எது கோள், எது ஏமாற்று என்று வாதாடவிட்டால் ஒரு வகுப்பு போவதே தெரியாது.

கருவியே ஏமாற்றிய கதையும் உண்டு. 6 ஒளியாண்டு தூரத்திலுள்ள பர்னார்டு நட்சத்திரம் வானத்தில் துளித்துளியாக இடம் மாறி ஆடுகிறது, அதைச் சுற்றி வியாழன் போன்ற கோள் இருக்கிறது என்று 1963இல் பீட்டர் வான் டி காம்ப் அறிவித்தார். பல்லாண்டுகளாக எடுத்த புகைப்படத் தகடுகளை அளந்து கண்ட முடிவு அது. ஆனால் 1973இல் மற்றவர்கள் வேறு தொலைநோக்கிகளில் எடுத்த படங்களை அளந்தபோது ஆட்டமே இல்லை. அந்தத் தொலைநோக்கியின் வில்லையைச் சீரமைத்த காலத்தோடு ஒத்துப்போகும் தாவல்கள் மற்ற நட்சத்திரங்களிலும் தெரிந்தன, அதாவது ஆடியது தொலைநோக்கி. அவர் நேர்மையான, கடின உழைப்பாளி, இதைச் சொல்லும்போது அவரைக் கேலி செய்யும் தொனி வந்துவிடாமல் நான் கவனமாக இருப்பேன். அதே நட்சத்திரத்தைச் சுற்றி, அவர் சொன்னதிலிருந்து முற்றிலும் வேறான, பூமியைவிடச் சிறிய ஒரு கோள் மூன்று நாளுக்குச் சற்று அதிகமான ஆண்டோடு சுற்றுவதை 2024இல் டாப்ளர் முறையில் கண்டுபிடித்தார்கள்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நட்சத்திரம் இன்னொரு தொலைதூர நட்சத்திரத்துக்கு நேர் முன்னால் வந்தால் அதன் ஈர்ப்பு ஒரு வில்லை போல் பின்னாலுள்ள ஒளியைக் குவித்துப் பெருக்கும். முன்னால் இருப்பதற்குக் கோள் இருந்தால் அந்தப் பெருக்கத்தில் கூடுதலாக ஒரு சின்ன முள் தெரியும். இது நட்சத்திரத்திலிருந்து தள்ளிச் சுற்றும் கோள்களையும் காட்டும், ஆனால் அதே காட்சி மறுபடி கிடைக்காது, அதனால் பள்ளி மாணவர்களுக்கு ஆரம்பத்தில் இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை என்பது என் எண்ணம். நேரடியாகப் படம் எடுப்பதும் சில இடங்களில் முடிந்திருக்கிறது. வெயிலில் கையால் சூரியனை மறைத்துக்கொண்டு பறவையைப் பார்ப்போமே, அதைப் போல நட்சத்திரத்தை மறைத்து, அகச்சிவப்பில், இளம் வயதில் இன்னும் சூடாக இருக்கும் பெரிய கோள்களைப் பிடிக்கிறார்கள். எச்ஆர் 8799 என்ற நட்சத்திரத்தைச் சுற்றி நான்கு கோள்கள் அப்படித் தெரிகின்றன, 2008இல் மூன்று, 2010இல் நான்காவது. ஆண்டுக்கணக்கில் எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் நான்கு பொட்டுகளும் மெல்ல நகர்ந்து சுற்றுவது தெரியும். இது நிஜப் படம் என்று சொல்லி முதல் நாள் காட்டிய ஓவியங்களுக்குப் பக்கத்தில் இதை வைத்துக் காட்டுங்கள்.

கடப்பு இன்னொரு கதவையும் திறக்கிறது. கோள் நட்சத்திரத்தின் முன்னால் போகும்போது, நட்சத்திர ஒளியில் ஒரு மெல்லிய வளையம் மட்டும் கோளின் காற்று மண்டலத்தின் வழியே வடிகட்டப்பட்டு நம்மிடம் வருகிறது. அந்தக் காற்றில் உள்ள வாயு எந்த அலைநீளத்தை விழுங்குகிறதோ, அந்த அலைநீளத்தில் மட்டும் கோள் கொஞ்சம் பெரிதாகத் தெரியும், பள்ளம் கொஞ்சம் ஆழமாகும். இப்படித்தான் 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, ஏறக்குறைய 700 ஒளியாண்டு தூரத்திலுள்ள வாஸ்ப் 39 பி என்ற வாயுக் கோளில் கார்பன் டை ஆக்சைடு இருப்பதைத் தெளிவாகக் காட்டியது.

இவ்வளவும் புரிந்துவிட்டால், இரண்டாவது பூமி கிடைத்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த முறையில் கண்டுபிடித்தார்கள்? பிராக்சிமா சென்டாரி பி 2016இல் அறிவிக்கப்பட்டபோது ஓவியங்களில் பாறையும் ஏரியும் வந்தன. அது ஆட்டத்தை வைத்துக் கண்டுபிடித்த கோள். ஆக நமக்குக் கிடைத்தது குறைந்தபட்ச நிறையும், 11.2 நாள் ஆண்டும்தான். அது கடப்பதைக் காணமுடியவில்லை, அதனால் ஆரம் தெரியாது, ஆரம் தெரியாவிட்டால் அடர்த்தி தெரியாது, பாறைதானா என்பதே ஊகம். மாறாக 40 ஒளியாண்டு தூரத்திலுள்ள டிராப்பிஸ்ட் 1 நட்சத்திரத்தின் ஏழு கோள்களும் கடப்பவை, அவற்றின் அளவு நமக்கு நன்றாகவே தெரியும். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை செய்தியைப் படித்துவிட்டு, இதில் ஆரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

வகுப்போடு நிறுத்தவேண்டியதும் இல்லை. கெப்ளர், டெஸ் தொலைநோக்கிகளின் தரவுகள் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. 2019 கோடையில் அமெரிக்காவில் நாசாவின் மையம் ஒன்றுக்குப் பயிற்சிக்குப் போன 17 வயது உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், மூன்றாம் நாளே டெஸ் தரவில் ஒரு பள்ளம் சரியான நேரத்தில் வரவில்லையே என்று கவனித்தார். ஒன்றையொன்று மறைக்கும் இரண்டு நட்சத்திரங்கள் என்று குறித்துவைத்திருந்த அமைப்பு அது, அவர் பார்த்த பள்ளமோ அந்த இரண்டுக்கும் சேராத மூன்றாவது. இரண்டு சூரியன்களையும் சேர்த்துச் சுற்றும் ஒரு கோள், இன்று அதன் பெயர் டிஓஐ 1338 பி. பிளானட் ஹண்டர்ஸ் என்ற தளத்திலும் ஒளி வரைபடங்களைப் பொதுமக்கள் பார்த்துக் குறிக்கலாம். கெப்ளர் தரவில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி 20 சதவீதத்துக்கும் மேல் ஒழுங்கில்லாமல் குறைந்ததை முதலில் கவனித்தவர்கள் அப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான்.

தொடங்க நினைத்தால் நேராகப் புதுக் கோளைத் தேடாதீர்கள். ஏற்கெனவே தெரிந்த, ஆழமான பள்ளமுள்ள ஒரு வாயுக் கோளை எடுங்கள், எச்டி 209458 பியே நல்லது. டெஸ் தரவில் அதன் ஒளி வரைபடத்தை இறக்கி, முதல் பள்ளத்துக்கும் இரண்டாவது பள்ளத்துக்கும் நடுவே எத்தனை நாள் என்று கையால் அளக்கச் சொல்லுங்கள். மூன்றரை என்று வரும். அடுத்த பள்ளம் எந்த நேரத்தில் இருக்கவேண்டும் என்று கணித்து, அந்த இடத்தைத் தாளால் மூடிவைத்து, பிறகு தாளை விலக்குங்கள்.